ஏழு என்று வைத்துக்கொள்வோம்

மகள் எட்டாம் வகுப்பு. பின்னங்களைத் தடங்கலின்றிக் கூட்டுகிறாள், பெருக்குகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தெரியாததை எக்ஸ் என்று எழுதி, மீ.சி.ம.வால் பெருக்கிப் பின்னத்தைப் போக்கும் வழி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எக்ஸ் பிறப்பதற்கு முந்தைய வழி ஒன்றைச் சொல்கிறேன்.

கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 24ஆம் கணக்கு: ஓர் அளவு, அதில் ஏழில் ஒரு பங்கை அதனோடு சேர்த்தால் 19. அளவு என்ன?

ஆமெஸ் ‘ஏழு’ என்று வைத்துக்கொள்கிறார். விடை ஏழு அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஏழில் ஒரு பங்கு முழு எண்ணாக வருமே, அதற்காகத்தான். 7, 1, ஆக 8. வேண்டியதோ 19. எட்டை இரண்டே காலே அரைக்கால் மடங்காக்கினால் 19. ஏழையும் அத்தனை மடங்காக்கினால் பதினாறரையே அரைக்கால், அதுதான் விடை. இரண்டு பேருக்கு ஓர் ஆழாக்கு என்று பிடித்துக்கொண்டு பந்திக்கு அரிசி அளந்த என் பாட்டியும் இதைத்தான் செய்தாள்.

1150இல் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’யிலும் இந்த உத்தி உண்டு, பெயர் இஷ்டகர்மம். அதே நூலில் ஒரு வண்டுக் கணக்கு. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பூவுக்கும், மூன்றில் ஒரு பங்கு இன்னொரு பூவுக்கும், அவற்றின் வித்தியாசத்தைப்போல் மூன்று மடங்கு வேறொரு பூவுக்கும் போயின. மீதி ஒரு வண்டு. ஐந்துக்கும் மூன்றுக்கும் பொதுவாக 15 என்று வைத்துப் பாருங்கள். 3, 5, 6 போக மீதி 1. ஊகமே விடையாகிவிட்டது!

டியூஷன்களில் ‘மீதி என்றால் கழி, மொத்தம் என்றால் கூட்டு’ என்று சொல் பார்த்துக் கணக்குப் போடப் பழக்குகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. வண்டுக் கணக்கில் ‘மீதி’ என்பது கட்டளை அல்ல, கொடுத்திருக்கும் தகவல். ‘மூன்றில் ஒரு பங்கு’ எதில்? முழுக் கூட்டத்திலா, முதல் கூட்டம் போன பிறகு இருப்பதிலா? ஓர் எண்ணை வைத்து வண்டுகளை அனுப்பிப் பார்க்கும் பிள்ளை இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

‘பாதியும், மேலும் ஐந்தும் போயின’ என்று தனி எண் நுழைந்துவிட்டால் வெறும் மடங்கு உதவாது. அங்கே எக்ஸ் வரட்டும். ஊகித்த எண்ணுக்குச் செய்ததையெல்லாம் அதே வரிசையில் எக்ஸுக்கும் செய்தால், சமன்பாடு தானே வந்து நிற்கும்.