பழைய மோட்டார் வண்டியின் சில்லும் பிறேக்கும்

தமிழாசிரியன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் யூபிலி விழாவுக்குத் தம் தந்தையார் காலத்துக் கார்களைக் கொட்டிலினின்று வெளியே எடுத்து ஓட்டிவர எண்ணியுள்ள பழைய மாணவர் சிலர் எம்மை வினவினர். வினாயகபுரத்தில் நாம் பல்லாண்டுகளாக ஒரு மொறிஸ் மைனர் காரோடு மல்லாடி வருவது அவர்கள் அறிந்ததே. பட்டறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

நெடுநாள் நின்ற காருக்கு எல்லாரும் முதலிற் செய்வது புதிய பற்றரி பூட்டி, பெற்றோல் ஊற்றி, இயந்திரத்தை முடுக்கிப் பார்ப்பதேயாம். இயந்திரம் முழங்கியதும் கார் பிழைத்துவிட்டதென மகிழ்ந்து வீதிக்கு விடுவர். இம்முறையை நாம் ஒப்புவதில்லை. இயந்திரம் இயங்காதாயின் கார் கொட்டிலிலேயே கிடக்கும். அதனால் எவர்க்கும் கேடில்லை. பிறேக்கையும் சில்லையும் நோக்கிய பின்னரே இயந்திரத்தின் பக்கம் திரும்புதல் வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் 1959இல் 'மினி' காரை வகுத்தவரும் அவரே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. இலங்கையில் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தமையால், உள்ள காரையே திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் எம்மவரிடம் வேரூன்றியது. இங்கிலாந்தில் பாத் நகரிலே இவ்வகைக் கார்களைப் புதுக்கி வந்த சாள்ஸ் வெயார் என்பார், இந்நாட்டுத் தொழிலாளரின் கைத்திறனை அறிந்து, 1990களில் மைனர் காருக்குரிய தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். கார் பிறந்த நாட்டுக்கே நாம் உறுப்புகள் ஈந்தோம் என்பதில் எமக்குச் சற்றுப் பெருமை உண்டு.

இனிச் சில்லின் பெயரிங்கைப் பார்ப்போம். ஓடித் தேய்ந்த பெயரிங்கிலும் நின்று கெட்டவையே எம் கரையோரத்தில் மிகுதி. உப்புக் காற்றின் ஈரம் உட்புகுந்து கிறீஸைக் கெடுக்க, குண்டுகள் அசையாது தங்கிய இடங்களில் வளையத்திலே துருக்குழிகள் விழும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிற் கடல்நீர் மூழ்கிய வண்டிகளில், வெளியே கழுவித் துடைத்தவர் பலர் சில்லுகளின் உள்ளே பார்க்கவில்லை. அவற்றின் பெயரிங்குகள் பின்னர் ஊளையிட்டதில் வியப்பில்லை.

சோதிக்கும் முறை எளிது. ஜக் கொண்டு முன்சில்லை உயர்த்திக் கீழே திண்ணிய தாங்கு கொடுத்தபின், சில்லின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுக. ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுக. ஆட்டம் மறைந்தாற் குற்றம் பெயரிங்கில். மறையாதிருந்தாற் சில்லைத் தாங்கும் மூட்டுகளில். மைனர் காரின் கீழ்மூட்டு மரையால் இயங்குவது. கிறீஸின்றி அம்மரை தேய்ந்து கழன்றால் முன்சில்லு மடிந்து விழும். ஆதலால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதற்குக் கிறீஸ் அடித்தல் இன்றியமையாதது.

பெயரிங்கைக் கழற்றும்போது எந்த முகம் எப்பக்கம் நோக்கியது என்பதைக் குறித்துக்கொள்க. மண்ணெண்ணெயிற் கழுவி, நன்கு உலர்த்தி, குண்டுகளின் இடையே கிறீஸை விரலால் அழுத்திச் செறிக்க வேண்டும். 'கூடினால் நல்லது' என்று குடம் முழுவதும் அடைத்தாற் சூடேறி உருகிப் பிறேக் லைனிங்கில் வழியும். மற்றொன்றும் உண்டு. கூம்புருளைப் பெயரிங் உள்ள வண்டிகளில் நட்டை இறுக்கிப் பின் சிறிது தளர்த்துவது வழக்கம். மைனரின் முன்சில்லில் இரு குண்டுப் பெயரிங்குகளுக்கிடையே ஓர் இடைக்குழல் உண்டு. அங்கே நட்டை முழுதும் இறுக்கிப் பூட்டூசி இடுவதே முறை. பழகிய கையே இங்குப் பிழை செய்கிறது.

பிறேக்குக்கு வருவோம். மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்த் தொடர். எங்கேனும் ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது பின்சில்லுகளைப் பிடிக்கும் கைப்பிறேக் மட்டுமே. மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலடித் தட்டின் கீழே மறைந்திருப்பது. கம்பளத்தின் கீழ் அதன் மூடி இருப்பதையே அறியாது ஆண்டுக்கணக்காக ஓட்டியோர் உளர்.

எமது பேதைமையையும் சொல்லிவிடுகின்றோம். ஒருமுறை பிறேக் ஒயில் குறைந்திருக்கக் கண்டு, 'எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே' என எண்ணி, வீட்டிலிருந்த இயந்திர எண்ணெயை ஊற்றினோம். பிறேக் ஒயில் கனிய எண்ணெய் அன்று. கனிய எண்ணெய் பட்டால் சிலிண்டரிலுள்ள ரப்பர் கப் ஊறிப் பருக்கும். சில நாளின் பின், தமிழ்மொழித் தினப் போட்டி முடிந்து மாணவர் மூவரோடு அக்கரைப்பற்றிலிருந்து திரும்புகையிற் சில்லுகள் இறுகிக் கருகல் நாற்றம் எழுந்தது. வெயிலின் வெக்கை என்று கருதி ஓட்டினோம். திருக்கோவிலருகே மாடுகள் குறுக்கிட மிதித்தபோது, மிதி தரைமட்டும் தாழ்ந்தது. கைப்பிறேக்கை இழுத்து வீதியோர மணலிற் செலுத்தியமையால் தப்பினோம். பிள்ளைகள் அதனை வேடிக்கையென எண்ணிச் சிரித்தனர். எமக்குக் கைநடுக்கம் அன்றிரவும் தீரவில்லை.

பின்னர் ரப்பர் அனைத்தையும் களைந்து, குழாய்களைக் கழுவிப் புதிது பூட்டினோம். உரிய ஒயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது, ஈரமேறினால் அதன் கொதிநிலை தாழும், உட்புறமும் துருப்பிடிக்கும். ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுக. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும்; அதன் தூளை வாயால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

உறுப்புகள் கிடைக்குமா என்பதே பலரின் கவலை. பெயரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். அதனையும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு சென்றால், உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பெயரிங் விற்போரிடமும் தேடலாம். பிறேக் உறுப்புக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளை நாடுவோர் பலர். காரின் ஆண்டைக் கூறாது வாங்கற்க. 1962இல் இயந்திரம் பெரிதானபோது முன் டிறம்மின் விட்டமும் ஏழு அங்குலத்திலிருந்து எட்டானது. ஒன்றன் உறுப்பு மற்றதற்குப் பொருந்தாது. வெப்பத்தில் நெடுநாள் கிடந்த ரப்பர் புதிதெனினும் வெடித்திருக்கும். வளைத்துப் பார்த்து வாங்குக. சிலிண்டரின் உட்சுவர் குழிந்திருந்தாற் புதிய கப் பயன் தராது. சிலிண்டரையே மாற்றுதல் வேண்டும். இங்கிலாந்தில் இவை இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. விழாவுக்கு இலண்டனிலிருந்து வரும் நண்பர்கள் சொக்கிலேற்றுப் பெட்டிகளிடையே வீல் சிலிண்டர் இரண்டும் கொணர்வார்களாயின், இங்கே மகிழ்வோர் பலர்.

எல்லாம் பூட்டியபின் உடனே பொத்துவில் வீதியில் ஏறவேண்டா. ஒழுங்கையிலே மெதுவாக ஓட்டி நிறுத்தி, நான்கு டிறம்மின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால், அதனை மீண்டும் கழற்றுக.