செருப்பு போட்டுத் தொட்டால் போதுமா?

வாராவாரம் இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, வீட்டுக் குறிப்பு எல்லாம் படித்துப் பயன் பெறுகிறவள் நான். இந்தத் தடவை சமையலைப் பற்றி இல்லாமல் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். விறகடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ், இண்டக்ஷன் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட நம் சமையலறைக்கு இப்போது அலமாரிக்குள்ளேயே பதித்து வைக்கிற எலக்ட்ரிக் ஓவன் வந்திருக்கிறது. 'பில்ட்-இன் ஓவன்' என்கிறார்கள். எங்கள் அம்மாபேட்டை மாதிரி தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில்கூட, வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் மாடுலர் கிச்சனோடு சேர்த்து இதையும் போட்டுக்கொள்கிறார்கள்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஓவனைப் பார்ப்பதற்கு முன்னால், அதை மாட்டப்போகிற சுவருக்குள் என்ன ஒயர் ஓடுகிறது என்று பாருங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.

எதிர் வீட்டில் நடந்தது

எங்கள் எதிர் வீட்டு அக்கா போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் இந்த ஓவன் வாங்கினார்கள். கடையிலிருந்து ஆள் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து அந்தக் கைப்பிடியைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறது என்றார்கள். வீட்டுக்காரர், "கையில ஈரம் இருந்திருக்கும், விடு" என்றாராம். மாட்டிய ஆளுக்குப் போன் போட்டதற்கு அவர் சொன்ன பதில், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

எனக்குக் கேட்டதும் பகீர் என்றது. அந்த வீட்டில் தவழ்கிற பேத்தி இருக்கிறாள். குழந்தை செருப்பு போட்டுக்கொண்டா ஓவனைத் தொடும்? "அக்கா, மெயினை அணைச்சுட்டு பிளக்கைக் கழட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். என் பெரியம்மா மகன் அரசு உரிமம் பெற்ற ஒயர்மேன். அண்ணனை அன்று சாயங்காலமே வரச் சொன்னேன்.

அவர் பிளக்கைப் பிரித்துக் காட்டினார். ஓவனிலிருந்து வந்த பச்சை-மஞ்சள் ஒயரை மடக்கி, மேலே டேப் சுற்றி விட்டிருந்தார்கள். சுவரில் இருந்த சாக்கெட்டிலும் மேல் ஓட்டை காலி. அது பழைய தறி வீடு. தறிக்குழியை மூடித்தான் சமையலறை கட்டியிருக்கிறார்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் அந்தக் காலத்தில் இழுத்த ரெண்டு ஒயர்தான் ஓடுகிறது. எர்த் ஒயர் என்ற ஒன்றே கிடையாது.

செருப்பு ஏன் மருந்தாகாது?

அண்ணன் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஓவனுக்குள் சூடாகிற குழாய் இருக்கிறதே, அதன் நடுவில் ஒரு கம்பிச் சுருள். சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மெக்னீசியம் ஆக்சைடு என்று பெயர். நம்ம சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் வெட்டுகிற வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் இந்த ஜாதிப் பொடிதான். சூட்டை விடும், கரண்டை விடாது. ஆனால் அதில் ஈரம் ஏறிவிட்டாலோ, குழாயில் கீறல் விழுந்தாலோ கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளித்தகட்டுக்குக் கசியும்.

எர்த் ஒயர் சரியாக இருந்தால் கசிகிற கரண்ட் வாய்க்காலில் போகிற தண்ணீர் மாதிரி அது வழியாக மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகட்டிலேயே காத்திருக்கும். நாம் தொட்டதும் நம் உடம்பு வழியாகப் போகும். செருப்பு போட்டால் கால் வழியை மட்டும்தான் அடைக்கிறோம். ஒரு கை ஓவனிலும் இன்னொரு கை பைப்பிலோ ஸ்டீல் சிங்கிலோ பட்டால்? ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது நெஞ்சு.

"அதான் ஃபியூஸ் இருக்கே, எம்.சி.பி. இருக்கே" என்று நினைப்போம். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆளைக் காப்பதற்கு இல்லை. ஒரு சீலிங் ஃபேன் இழுப்பது ஏறக்குறைய 0.3 ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கு நம் உடம்பில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. அசைந்துகூடக் கொடுக்காது. ஆளைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று மெயின் போர்டில் வேண்டும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் 'டி' என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தால் 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். இது இருக்கிறது என்று எர்த்தை விட்டுவிடக் கூடாது, இரண்டும் வேண்டும்.

வாங்கும் முன் ஒயர்மேனிடம் கேட்க வேண்டியவை

1. இந்த ஓவன்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 வாட்ஸ் வரை இழுக்கும். 2,500 வாட்ஸ் ஓவனுக்கு ஏறக்குறைய 11 ஆம்பியர். மிக்ஸி போடுகிற 6 ஆம்பியர் பிளக் இதற்கு ஆகாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., 16 ஆம்பியர் பாயிண்ட். எங்கள் அண்ணன் 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர் இழுத்தார். 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கிற பெரிய ஓவன் என்றால் பிளக் வைக்காமல் நேரடி இணைப்பு கொடுப்பார்கள். ஒயர், பிளக், சுவிட்ச் எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள்.

2. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், 'டூ பின் கன்வெர்ட்டர்' இரண்டையும் பக்கத்தில் விடாதீர்கள். இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்காதீர்கள்.

3. சில பேர் எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஓவன் தகடு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். "எர்த் எங்கிருந்து எடுக்கறீங்கண்ணா?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். டெஸ்டரில் லைட் எரிவதைக் காட்டி எர்த் இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். ஃபேஸ் வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

4. நம் வீட்டு ஒயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஓவனோடு வருகிற ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம்ம பகுதியில் பவர்லூம் வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு நீலம் என்றால் மூன்று ஃபேஸில் ஒன்று. அதனால் மாட்டும்போதே இதை ஞாபகப்படுத்துவது நல்லது.

5. தறி பட்டறை சேர்ந்த வீடாக இருந்தால் 'தறி சர்வீஸிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கலாம், பில்லு கம்மி' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி அனுமதி இல்லாத உபயோகம், அபராதம் கட்ட நேரும். வீட்டு இணைப்பில் எத்தனை கிலோவாட் அனுமதி என்று பார்த்து, போதவில்லை என்றால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்து வாங்குவதே முறை.

6. எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்துபோனால் எர்த் பலவீனமாகிவிடும். நம்ம சேலத்து சித்திரை வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அவ்வப்போது அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை

ஓவனோடு வருகிற புத்தகத்தில் அளவு போட்டிருக்கும். சாதாரணமாக 60 செ.மீ. ஓவனுக்கு உள் அகலம் 56 செ.மீ. விடுவார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் பலகை அறுக்க விடாதீர்கள். பின்பக்கம் காற்று போக இடைவெளி வேண்டும். அலமாரி அழகாக இருக்கட்டும் என்று அதை அடைத்துவிட்டால் உள்ளே சூடு தேங்கும். இப்போது எல்லோரும் போடுகிற பி.வி.சி. கப்போர்டு சூட்டுக்கு இளகிவிடும், ஓவனுக்கு அது வேண்டாம். சூடு தாங்குகிற பிளைவுட்டாகச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஸ்குரூ போட்டு ஓவனை அலமாரியோடு பிணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து கனமான தட்டை வைக்கும்போது முன்னால் சாயும்.

சுவிட்ச் ஓவனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது. ஆபத்து என்றால் கை நீட்டி அணைக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். கேஸ் சிலிண்டரைப் பக்கத்து அறையில் அடைக்காதீர்கள், கேஸ் டியூப் ஓவனுக்குப் பின்னால் போகவும் கூடாது. கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

உபயோகிக்கும்போது

முதல் நாள் உள்ளே இருக்கிற அட்டை, பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, புத்தகத்தில் சொன்ன நேரம் காலியாக ஓட விடுங்கள். கொஞ்சம் புகையும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம்.

தட்டை எடுக்க ஈரத்துணி கூடவே கூடாது. துணியில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் கையைப் பொத்துவிடும். தடிமனான காய்ந்த கையுறைதான் வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நைலான் நைட்டியோடு பக்கத்தில் நிற்காதீர்கள். கதவைத் திறக்கும்போது முகத்தைக் குனியாமல் ஒரு அடி தள்ளி நின்றால் ஆவி அடிக்காது. வெளிக்கண்ணாடியும் சுடும், குழந்தைகளை அண்ட விடாதீர்கள். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள், சூடு தேங்கி ஓவன் கெட்டுப்போகும். சூடான கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் விரிசல் விடும்.

உள்ளே எண்ணெய் சிந்தித் தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு மூடியபடியே விடுங்கள். காற்று இல்லாமல் தானே அடங்கும். அடங்காமல் அலமாரிக்குப் பரவுகிற மாதிரி இருந்தால் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 101-க்குப் போன் செய்யுங்கள்.

கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கடிகாரம் உள்ள சில ஓவன்கள் கரண்ட் வந்தபிறகு நேரம் வைத்தால்தான் வேலை செய்யும், ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். மாசக்கணக்கில் சும்மா வைத்தால் அந்த வெள்ளைப் பொடி ஈரம் இழுத்து ஆர்.சி.சி.பி. விழும். 'தொல்லையாப் போச்சு, இதை எடுத்துடுங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அது விழுவது நம்மைக் காப்பாற்றத்தான். ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கரண்ட் பில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2,500 வாட்ஸ் ஓவன் விடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டரை யூனிட். சூடு ஏறியதும் விட்டு விட்டு எரிவதால் அதைவிடக் குறையும். நமக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டினால் முதலில் ஓடிய யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். மீட்டரில் ஒரு கண் வையுங்கள். மாதம் ஒரு கேக் போடுகிற வீட்டுக்கு மேடையில் வைக்கிற ஓ.டி.ஜி.யே போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கும் எர்த் வேண்டும்.

எதிர் வீட்டு அக்காவுக்கு இப்போது புது எர்த், தனி லைன், ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டாகிவிட்டது. ஓவன் விலையில் சிறு பங்குதான் செலவு. ஆனால் எனக்கு ஆறாதது வேறு. ஓவன் எது, கலர் எது, கப்போர்டு எது என்று நம்மிடம் கேட்கிறார்கள். ஒயரிங் பேச்சு வந்தால் மட்டும் "உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஈரக்கையோடு அந்த சுவிட்சுகளைத் தொடுகிறவர்கள் நாம்தானே! கேட்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை சகோதரிகளே, வாய் இருந்தால் போதும். வேலை பார்க்கிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள், பிளக்கை மூடும் முன் மூன்று ஒயரும் மாட்டியிருக்கிறதா என்று எண்ணுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். ஃபிரிஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் எதைத் தொட்டாலும் லேசாக 'சுர்' என்றால் மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். தெருவிலோ மீட்டரிலோ கோளாறு என்றால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் சொல்லலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஒதுக்கி உங்கள் மெயின் போர்டைத் திறந்து அந்தச் சின்னப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்களேன். பார்த்துவிட்டு இந்தப் பகுதிக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்.