'வெளியே போ' என்று சொல்லாமலே வெளியேற்றுவது எப்படி? மனித உரிமை அமைப்புகளும் எஃப்சிஆர்ஏ சட்டமும்: அரியலூர், பெரம்பலூருக்கு என்ன சம்பந்தம்?

எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருக்கிறது: 15ஏ(12). வன்கொடுமைக்கு ஆளானவர்களோ, அவர்களைச் சார்ந்தவர்களோ தொண்டு நிறுவனங்கள், சமூக ஆர்வலர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது அவர்களது உரிமை என்கிறது அந்தப் பிரிவு. 2015-ல் திருத்தம் செய்யப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. சலுகை இல்லை, உரிமை.

ஆனால், உதவி செய்ய அந்த அமைப்பு இருந்தால்தானே உரிமைக்கு அர்த்தம்? இன்னொரு சட்டம் அந்த அமைப்புகளின் வங்கிக் கணக்கையே மூடிக்கொண்டு வருகிறது என்பதுதான் பல ஆண்டுகளாக நடக்கும் சர்ச்சை. அந்தச் சட்டத்தின் பெயர் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக எஃப்சிஆர்ஏ.

எஃப்சிஆர்ஏன்னா என்ன?

எமர்ஜென்சி காலத்தில், 1976-ல் வந்த சட்டம் இது. அரசியல்வாதிகளும் கட்சிகளும் வெளிநாட்டுப் பணத்துக்கு வளைந்துவிடக் கூடாது என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட காரணம். 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து, ஒருமுறை பதிவு செய்தால் போதும் என்ற நிலை மாறி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உள்துறை அமைச்சகத்திடம் புதுப்பிக்க வேண்டும் என்றானது.

2020 செப்டம்பரில் பிடி இன்னும் இறுகியது.

- வெளிநாட்டு நன்கொடை வாங்கும் எல்லா அமைப்புகளும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் மெயின் பிராஞ்சில் மட்டுமே அதற்கான கணக்கு தொடங்க வேண்டும்.
- நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைந்தது.
- நன்கொடை பெற்ற அமைப்பு, அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதற்கு முழுத் தடை.
- பதிவை சஸ்பெண்ட் செய்யும் காலம் 180 நாள். தேவைப்பட்டால் மேலும் 180 நாள் நீட்டிக்கலாம்.

2011-க்குப் பிறகு இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருக்கிறது. எல்லாமே மனித உரிமை அமைப்புகள் அல்ல. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாததால் பதிவை இழந்தவை ஏராளம். ஆனால், அரசைக் கேள்வி கேட்ட பெயர்களும் அந்தப் பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. லாயர்ஸ் கலெக்டிவ் 2016-ல் பதிவை இழந்தது. காமன்வெல்த் மனித உரிமை முன்னெடுப்பு 2022-ல் இழந்தது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவுக்கு 2021 டிசம்பரில் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது.

ஆம்னஸ்டி ஏன் கடையைக் கட்டியது?

உலகின் முன்னணி மனித உரிமை அமைப்புகளில் ஒன்றான ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் இந்தியக் கிளை, 2020 செப்டம்பர் 29 அன்று வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. 'நாட்டை விட்டு வெளியேறுங்கள்' என்று அரசு ஓர் உத்தரவும் போடவில்லை. அந்த மாதம் 10-ம் தேதி வங்கிக் கணக்குகள் முழுமையாக முடக்கப்பட்டது அமைப்புக்குத் தெரியவந்தது. சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஊழியர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. டெல்லி கலவரத்தில் போலீஸின் பங்கு பற்றியும், ஜம்மு காஷ்மீர் நிலவரம் பற்றியும் அதற்கு முந்தைய மாதம்தான் ஆம்னஸ்டி அறிக்கைகள் வெளியிட்டிருந்தது. பேசியதற்கான பழிவாங்கல் என்றது அமைப்பு.

அரசு அதை மறுத்தது. 2000-ம் ஆண்டில் ஒரே ஒருமுறை மட்டும்தான் ஆம்னஸ்டிக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி கிடைத்தது, பிறகு வந்த எல்லா அரசுகளும் மறுத்துவிட்டன, அதனால் அந்நிய முதலீடு என்ற பெயரில் பிரிட்டனிலிருந்து பணம் கொண்டுவந்தார்கள் என்பது உள்துறையின் விளக்கம். 2022 ஜூலையில் அமலாக்கத்துறை ஆம்னஸ்டி இந்தியாவுக்கு ரூ.51.72 கோடி அபராதம் விதித்தது.

உள்துறையின் விளக்கத்தில் ஒரு உண்மை இருக்கிறது. அனுமதி மறுப்பு பாஜக ஆட்சியில் ஆரம்பித்தது இல்லை. காங்கிரஸ் ஆட்சியிலும், 2009-ல், இதே சிக்கலில்தான் ஆம்னஸ்டி இந்தியாவில் அலுவலகத்தை மூடியது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் உச்சத்தில் இருந்த 2012 பிப்ரவரியில், போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொடர்புள்ள என்ஜிஓக்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஒரு பேட்டியில் சொன்னார். தென் மாவட்டத் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றின் கணக்குகள் ஆராயப்பட்டு, பதிவுகள் நிறுத்தப்பட்டன. நாகர்கோவிலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மானியர் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு இன்னொரு அடி மதுரையில் விழுந்தது. காவல் சித்திரவதை வழக்குகளை ஆவணப்படுத்தும் 'மக்கள் கண்காணிப்பகம்' அமைப்பை நடத்தும் அறக்கட்டளையின் எஃப்சிஆர்ஏ பதிவு சஸ்பெண்ட் ஆனது. டெல்லி உயர் நீதிமன்றம் போய் 2014-ல் நிவாரணம் பெற்றார்கள். ஆனால், 2016 அக்டோபரில் புதுப்பிப்பு மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு மேலோட்டமாகப் பார்த்தாலே சட்டப்படியானதாகவோ நடுநிலையானதாகவோ தெரியவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே அப்போது கருத்து சொன்னது.

இந்த வழக்கில் உள்துறை சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு ஐ.நா. பிரதிநிதிகளுக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் தகவல் கொடுத்து, இந்தியாவின் மனித உரிமை நிலையைத் தவறாகச் சித்தரித்தார்கள் என்றது அதன் பதில் மனு. ஐ.நா.விடம் பேசுவதே குற்றச்சாட்டாக மாறியது. 2022 ஜனவரியில் மதுரை அலுவலகத்தில் சிபிஐ சோதனை நடந்தது.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறது. பந்த், மறியல் போன்ற போராட்டங்களை மக்கள் பிரச்சினைக்காக ஆதரிக்கும் அமைப்பை, அரசியல் நோக்கம் இல்லாதபட்சத்தில், 'அரசியல் அமைப்பு' என்று முத்திரை குத்தி நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில், 2020 திருத்தங்கள் செல்லும், வெளிநாட்டு நன்கொடை பெறுவது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்றது.

இடையில் ஒரு வேடிக்கை. பாஜக, காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நிறுவனத் தொடர்புள்ள நன்கொடை வாங்கி எஃப்சிஆர்ஏ சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு என்ன ஆச்சு? 2016, 2018 நிதி மசோதாக்கள் மூலம் சட்டத்தின் விளக்கமே திருத்தப்பட்டது. அதுவும் 1976 வரை பின்தேதியிட்டு. எந்தக் கட்சிகளுக்காகச் சட்டம் வந்ததோ, அவர்களுக்குக் கதவு திறந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு இறுகியது.

சரி, அரியலூர்ல இருக்கிறவங்களுக்கு இதனால என்ன?

டெல்லியில் போடும் பூட்டு கிராமத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்க, அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் போகலாம். 2016 டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு தலித் சிறுமி காணாமல் போனார். 2017 ஜனவரியில் கிணற்றிலிருந்து சடலமாக மீட்கப்பட்டார். புகார் கொடுத்தபோதே போலீஸ் முறையாகத் தேடவில்லை என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. கட்சிகள், பெண்கள் அமைப்புகள், மனித உரிமை அமைப்புகள் குரல் கொடுத்த பிறகுதான் மாநிலம் திரும்பிப் பார்த்தது.

இப்படிப்பட்ட வழக்கில் ஒரு மனித உரிமை அமைப்பு என்ன செய்யும்? உண்மை அறியும் குழு ஊருக்குப் போகும். எஃப்ஐஆரில் சரியான பிரிவுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கும். நிவாரணத் தொகைக்கு மனு எழுதும். வாய்தாவுக்கு வாய்தா குடும்பத்தோடு கோர்ட்டுக்கு வரும். இதெல்லாம் பஸ் கட்டணம், ஜெராக்ஸ், வக்கீல் செலவு. அந்தச் செலவுக்குத்தான் நிதி.

அரியலூர், பெரம்பலூருக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் திருச்சி மாவட்டத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்கள் உயர் நீதிமன்றம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். பெரம்பலூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். கூலி வேலை பார்க்கும் குடும்பம் எத்தனை தடவை போய் வரும்?

பகிர்ந்து தருவதற்கான தடை அடிப்பதும் இங்கேதான். சென்னை, மதுரையில் உள்ள பெரிய அமைப்பு நிதி வாங்கி, தாலுகா அளவில் வேலை செய்யும் சின்ன அறக்கட்டளைக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பழைய நடைமுறை. அந்த வழி அடைபட்டது. 'நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள்' என்றால், மூன்று ஆண்டுகள் இயங்கி, அந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது ரூ.15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும் என்கிறது விதி. வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ நாலு பேர் சேர்ந்து நடத்தும் அமைப்பு அந்தக் கணக்கை எங்கிருந்து காட்டும்?

உள்ளூரிலேயே நிதி திரட்டலாமே?

நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்கு கேட்பதும் நியாயம்தான். நன்கொடையைச் சொந்தச் செலவுக்குத் திருப்பியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் கிடைக்கும் நன்கொடை, போலீஸ் மீதான வழக்குக்குக் கிடைப்பதில்லை. அரியலூரில் சிமென்ட் ஆலைகளின் சிஎஸ்ஆர் நிதி இருக்கிறது. ஆனால், மனித உரிமை வழக்கு நடத்துவதற்கு என்று ஒரு தலைப்பு சிஎஸ்ஆர் பட்டியலில் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசியைப் பற்றிக் கேள்வி கேட்கும் அமைப்புக்கு, அந்தச் சுரங்கத்தை நம்பியிருக்கும் ஆலையே பணம் கொடுக்குமா?

மற்ற நாடுகளில்?

ரஷ்யா நேரடியாகவே செய்தது. 2022 ஏப்ரலில் ஆம்னஸ்டி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் உள்ளிட்ட 15 வெளிநாட்டு அமைப்புகளின் பதிவை ஒரே நாளில் ரத்து செய்தது. தமிழர்களுக்கு மறக்க முடியாத உதாரணம் வன்னி. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று சொல்லி ஐ.நா.வையும் சர்வதேசத் தொண்டு அமைப்புகளையும் இலங்கை அரசு வெளியேறச் சொன்னது. 'எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்' என்று கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் மன்றாடினார்கள். அடுத்த எட்டு மாதங்களில் நடந்ததைப் பார்க்க அங்கே பெரும்பாலும் வெளிச்சாட்சிகள் இல்லை. அப்போது மக்களைக் காக்கத் தவறிவிட்டோம் என்று 2012-ல் வெளியான ஐ.நா.வின் உள் ஆய்வே ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் நடப்பதை அந்தப் போரோடு ஒப்பிட முடியாது. ஒற்றுமை ஒரே இடத்தில்தான்: சாட்சி சொல்பவர் போய்விட்டால், நடந்ததற்கு அதிகாரியின் அறிக்கை மட்டுமே மிஞ்சும்.

பாதிக்கப்பட்டவர்கள் இப்போது எங்கே போகலாம்?

- மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு: எஸ்சி, எஸ்டி பிரிவினர், பெண்கள், குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.
- தேசிய வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்: 14566.
- கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு: மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தொண்டு நிறுவனத் தொடர்புள்ளவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

இவை எல்லாமே அரசு அமைப்புகள். புகார் போலீஸ் மீதோ வருவாய்த்துறை மீதோ இருக்கும்போது, அரசுக்கு வெளியே ஒரு ஆள் தேவைப்படுகிறது. 15ஏ(12) எழுதப்பட்டதே அதற்காகத்தான். அந்த ஆளுக்கு பஸ் கட்டணம் யார் கொடுப்பது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.