கெண்டைக்கால் வலித்தால் நீவாதீர்கள்

ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். இடது கெண்டைக்கால் மட்டும் வலிச்சு வீங்குச்சு. படுத்தே கிடந்ததால சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவுங்கன்னு தெருவுல எல்லாரும் சொன்னாங்க. நல்லவேளை, தையலைக் காட்டப் போன இடத்துல டாக்டர் காலையும் பார்த்தாரு. உள்ளே ரத்தம் கட்டியிருக்குன்னு சொல்லி ஊசி போட ஆரம்பிச்சாங்க. கத்தி வெச்சது வயித்துல. கட்டு கால்ல எப்படி சார் வந்துச்சு?”

அந்தத் தாய் தப்பித்தது நீவாமல் டாக்டரிடம் காட்டியதால். 2017-இல் நாளிதழ்களில் வந்த ஒரு டில்லிச் செய்தி சிலருக்கு நினைவிருக்கலாம். 23 வயது இளைஞர், பாட்மின்டன் ஆடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகும் காலில் வலியும் வீக்கமும் போகவில்லை. வீட்டில் அம்மா எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார். சிறிது நேரத்தில் மூச்சு முட்டிச் சரிந்தவரைக் காப்பாற்ற முடியவில்லை. காலில் இருந்த ரத்தக்கட்டு பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய் அடைத்திருந்தது. எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். பாசத்தோடு செய்த காரியம். அந்த டில்லித் தாய்க்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இனி நெசவாளரின் கேள்விக்கு வருவோம்.

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளுவதில் அதிசயம் இல்லை. அது திரும்பி மேலே ஏறுவதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம். அவரே நடக்கத் தொடங்கினால் சில எட்டுகளில் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைத் தசை ஒவ்வொரு எட்டிலும் இறுகி, தனக்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் கீழே வழியாதபடி வழியெங்கும் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன.

ஆரணிக்காரருக்குத் தறியை வைத்தே சொல்லிவிடலாம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரிகிறது, நாடா ஓடுகிறது, ஒரு ஊடை சேர்கிறது. நெய்த சேலை முன்னால் இருக்கும் மரத்தில் சுற்றிக்கொள்ளும். தளர்ந்து பின்னுக்குப் போகாதபடி முளை கொடுத்துப் பிடித்திருக்கும். கெண்டைத் தசைதான் மிதி. சிரையின் வால்வு அந்த முளை. மிதிப்பது நின்றால் சேலை வளராது. அசைவு நின்றால் காலின் ரத்தம் தேங்கும். இன்னொன்றையும் அவர் பார்த்திருப்பார். தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை குழிக்குள் விழும் பட்டுத் தூசும் அறுந்த இழையும் காலசைவில் கலைந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் தறி நின்றால் குழியின் மூலையில் போய் ஒதுங்கிவிடும்.

சிரைக்குள்ளும் அப்படி ஒரு மூலை இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றிச் சொல்லத்தான்.

ஒவ்வொரு வால்வும் மெல்லிய இரண்டு இதழ்களால் ஆனது. இதழுக்கும் சிரையின் சுவருக்கும் நடுவே சட்டைப்பை போன்ற நுண்ணிய பை ஒன்று உண்டு. மேலேறும் ரத்தத்தின் ஒரு பகுதி இதழின் விளிம்பைத் தாண்டியதும் திரும்பி, இந்தப் பைக்குள் சுழலாக இறங்குகிறது. சுழலின் அடியில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சின்னச் சுழல். நாம் நடக்கும்போது வால்வு திறந்து மூட, பைக்குள் இருக்கும் ரத்தம் வெளியேறிப் புதியது வந்துகொண்டே இருக்கும். அசைவு நின்று ரத்தம் ஒரே சீராக ஊர்ந்தால், அடிச்சுழலில் மாட்டிய அணுக்களுக்கு வெளியேற வழியில்லை. பைக்குள் ஆக்சிஜன் குறையத் தொடங்குகிறது. வால்வு இதழின் உட்பூச்சுச் செல்களுக்குத் தம்மைத் தொட்டு ஓடும் ரத்தத்தை விட்டால் வேறு ஆக்சிஜன் கிடையாது. ஹேமர், மலோன், சில்வர் என்ற ஆய்வாளர்கள் 1981-இல் நுண்ணிய மின்முனைகளை வால்வுப் பைக்குள் செலுத்தி அளந்தார்கள். ஓட்டம் துடிப்பில்லாமல் ஆனதும் ஆக்சிஜன் சரிந்தது. துடிப்பு திரும்பியதும் ஏறியது.

மூச்சு முட்டும் உட்பூச்சுச் செல்கள் தமக்குள் மூட்டை கட்டி வைத்திருக்கும் ஒட்டுப் புரதங்களை வெளியே விடுகின்றன. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் வந்து ஒட்டுகின்றன. உறைதல் தொடங்குகிறது. ரத்தத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்திலிருந்து சிறு துணுக்குகளைத் திராம்பின் நொதி நறுக்கிவிட, எஞ்சிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இழையாகின்றன. பிறகு குறுக்கும் நெடுக்கும் பிணைந்து வலையாகின்றன. பட்டும் புரத இழைதான், இதுவும் புரத இழைதான். தறிக்குழியின் மூலையில் ஒதுங்கிய தூசு தானே நூலாகி, தானே பாவும் ஊடையுமாகப் பின்னிக்கொண்டால் எப்படியிருக்கும், அப்படி.

2019-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இதன்மேல் ஓர் அழகான விஷயத்தைச் சேர்த்தது. வால்வை ஒட்டிய செல்கள் சிரையின் மற்ற இடத்துச் செல்களைப் போன்றவை அல்ல. தாம் ஆபத்தான மூலையில் குடியிருப்பது தெரிந்தது போல, உறைதலைத் தடுக்கும் புரதங்களை அதிகமாகவும் தூண்டும் புரதங்களைக் குறைவாகவும் வைத்திருக்கின்றன. இந்த ஏற்பாட்டை நடத்தும் மரபணுக்களை விழிப்பாக வைத்திருப்பது, முன்னும் பின்னும் அலையும் அந்த ரத்த ஓட்டம்தான். கால் அசையாமல் கிடந்தால் அந்த மரபணுக்கள் அடங்கிப் போகின்றன. நடை என்பது ரத்தத்தைத் தள்ளுவதோடு நிற்கவில்லை. செல்லின் உட்கருவரை செய்தி போகிறது.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: சிரை வால்வுகளை விவரித்து பாதுவாவில் ஃபாப்ரீசியஸ் 1603-இல் நூல் எழுதினார். அவை எதற்கு இருக்கின்றன என்பதை அவருடைய மாணவர் ஹார்வி 1628-இல் சொன்னார். ஓட்டம் தேங்குவது, குழாய்ச் சுவர் கெடுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது என்ற, ரத்தக்கட்டுக்கான மூன்று காரணங்களையும் 1856-இல் ஜெர்மானியர் ஃபிர்ஹோ வகுத்ததாகப் பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் அப்படிப் பட்டியல் போடவில்லை, பின்னால் வந்தவர்கள் போட்டார்கள். பட்டியல் சரியாகவே இருக்கிறது.

அறுவை சிகிச்சை இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்து மிதி நின்றுபோகிறது. எங்கே வெட்டினாலும் காயத்தை அடைக்கச் சொல்லும் கட்டளை உடல் முழுக்கப் போகிறது. கல்லீரல் ஃபைப்ரினோஜெனைக் கூடுதலாகச் சுரக்கிறது. உறைந்ததைக் கரைக்கும் ஏற்பாடு சில நாட்களுக்கு அடக்கி வைக்கப்படுகிறது. வயிற்றுக் காயத்துக்காகச் செய்த ஏற்பாடு, தேங்கிக் கிடக்கும் கெண்டைக்கால் சிரையில் பலித்துவிடுகிறது. இடது கால் சற்று அதிகமாக மாட்டுவதற்கும் காரணம் உண்டு: இடதுகாலிலிருந்து வரும் பெருஞ்சிரை, அடிவயிற்றில் வலதுகாலுக்குப் போகும் தமனியின் கீழே நசுங்கிக்கொண்டு போகிறது.

இது எப்போது தொடங்குகிறது என்று காட்டியவர் இந்தியாவில் பிறந்து லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் விஜய் வீர் கக்கர். கதிரியக்க அயோடின் ஏற்றிய ஃபைப்ரினோஜெனைச் செலுத்தி, அது காலில் எங்கே சேர்கிறது என்று அவர் குழு தினமும் அளந்தது. 1969-இல் வெளியான முடிவு: 132 நோயாளிகளில் 40 பேருக்குக் காலில் ரத்தக்கட்டு. அதில் பாதிப் பேருக்கு அறுவை மேசையிலேயே தொடங்கியிருந்தது. பெரும்பாலானவை கெண்டைக்காலைத் தாண்டவில்லை; பல, தாமே கரைந்தன. ஆபத்தானவை மேலே தொடைவரை வளர்ந்தவை. 1975-இல் 4,121 பேரை வைத்து அவர் தலைமையில் நடந்த பன்னாட்டுச் சோதனையில், உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைச் சிறிய அளவில் போட்டவர்களில் 2 பேரும் போடாதவர்களில் 16 பேரும் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். இன்று அறுவைக்குப் பின் வயிற்றுத் தோலில் போடும் சின்ன ஊசியின் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. டாக்டர் இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்திருந்தால், செலவை நினைத்தோ வலியை நினைத்தோ பாதியில் நிறுத்தாதீர்கள்.

“நம்ம ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் வராது, வெள்ளைக்காரங்க வியாதி” என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. ஆரணிக்குப் பக்கத்தில், வேலூர் சிஎம்சி மருத்துவமனை தன் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டது. உள்நோயாளிகளாகச் சேர்ந்த 10,000 பேரில் சுமார் 17 பேருக்குக் கால் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு உறுதியானது. அறுவை செய்துகொள்ளாதவர்களும், குறிப்பாகப் புற்றுநோயாளிகள், அதில் கணிசம். இது கண்டுபிடிக்கப்பட்டவர்களின் கணக்கு மட்டுமே. வீட்டில் நீவிக்கொண்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

வீட்டுக்கு வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்ற நினைப்புதான் இதில் மோசமானது. பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நடுவயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வந்தது. மருத்துவமனையில் தங்கி அறுவை செய்துகொண்டவர்களில், அடுத்த 12 வாரத்துக்குள் 140 பேருக்கு ஒருவர் ரத்தக்கட்டோடு மறுபடி சேர்ந்தார். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் 45 பேருக்கு ஒருவர். ஆபத்து உச்சத்தில் இருந்தது மூன்றாவது வாரத்தில். அதாவது தையல் பிரித்து, உறவினர் எல்லாம் பார்த்துவிட்டுப் போய், வீடு பழைய நிலைக்கு வந்த பிறகு.

எதைப் பார்க்க வேண்டும்? இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்குள் ஆழமாக வலிப்பது, புறங்கையை வைத்தால் மற்றக் காலைவிடச் சூடாக இருப்பது, இதுவரை தெரியாத மேல்நரம்புகள் புடைப்பது. தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் இருப்பதை நம்பி உட்காராதீர்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, தோல் இறுகிப் பளபளப்பதுதான் தெரியும். தையல்காரர் டேப் போதும்: முட்டிச் சில்லுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கால்களின் சுற்றளவையும் எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதைச் சந்தேகத்துக்கு வலுவான அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். முட்டி அறுவை செய்த காலே வீங்குவது இயல்பு; அங்கே நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டு வந்த வீக்கம் திடீரென்று ஏறினால் காத்திருக்காதீர்கள். வட மாவட்டங்களில் ஒற்றைக்கால் வீக்கம் என்றதும் யானைக்கால் என்று எண்ணி ஆறப்போடுபவர்கள் உண்டு. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. இது ஓரிரு நாளில் வரும்.

டேப் அளவு சரியாக இருந்தால் கட்டு இல்லை என்றும் ஆகாது. கெண்டைக்குள் ஆழ்சிரைகள் ஜோடி ஜோடியாக ஓடுவதால், ஒன்று அடைபட்டாலும் மற்றது ரத்தத்தைக் கொண்டுபோய்விடும். கால் காட்டிக்கொடுக்காமலே இருந்துவிடலாம். பாதத்தை மேலே வளைத்தால் கெண்டை வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையை இணையக் காணொளிகளில் இன்னும் காட்டுகிறார்கள், நம்பத் தகுந்ததல்ல. டாப்ளர் ஸ்கேன்தான் வழி. கருவியால் தோல்மீது மெல்ல அழுத்தினால் வெறும் சிரை தட்டையாக ஒட்டிக்கொள்ளும், கட்டு உள்ள சிரை ஒட்டாது. வலியில்லை, கதிர்வீச்சு இல்லை.

கெண்டைக்காலை ‘இரண்டாவது இதயம்’ என்று புகழ்ந்து, கூடவே பாத அதிர்வுக் கருவியையும் விற்கும் வாட்ஸப் செய்திகள் ஏராளம். இதயம் தானாகத் துடிக்கும். கெண்டைத் தசை நீங்கள் அசைத்தால்தான் இறுகும். கருவி வாங்குவதைவிடப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும், டாக்டர் அனுமதித்த அளவு வீட்டுக்குள் நடப்பதும் மேல். பூண்டும் இஞ்சியும் சமையலுக்கு நல்லவை, உருவான கட்டைக் கரைக்கும் மருந்தல்ல. 2024-இல் கோவிஷீல்டு தடுப்பூசி அபூர்வமாக ரத்தக்கட்டை உண்டாக்கலாம் என்ற செய்தி வந்ததும், ஊசி போட்டு மூன்று வருடமானவர்கள்கூடப் பயந்து, ரத்தக்கட்டைத் தேடும் டி-டைமர் பரிசோதனைக்கு ஓடினார்கள். அந்த அபூர்வப் பக்கவிளைவு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. டி-டைமரோ அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். நம் தெருவில் அறுவை முடிந்து படுத்திருப்பவரின் காலைப் பற்றி அந்தக் கவலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் காலைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். கால் வீக்கம் மட்டும் என்றால், எண்ணெய், உப்பு ஒத்தடம், நீவல் எதுவும் செய்யாமல் அன்றைக்கே மருத்துவமனை. ஆரணிக்காரர்களுக்கு வேலூர் போகும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போனதும் “ஆபரேஷன் ஆகி இத்தனை நாள்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கால் வலி என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படலாம்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் மாத்திரைப் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருக்கின்றன. அதன் கீழே தமிழில் இரண்டு வரி அச்சிடுங்கள்: 12 வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ நீவ வேண்டாம், உடனே வாருங்கள்.