பிள்ளையின் பிணியும் பெற்றோர் கடனும்

பெற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் அளித்தல் பெற்றோர் கடன் என்பதில் ஐயுறுவார் இலர். ஆயின், பிணியுற்ற பிள்ளைக்கு வைத்தியரை அழையாதிருத்தல் குற்றமாகுமா? அன்பற்ற பெற்றோரைக் குறித்து இவ்வினா எழுந்திருப்பின் விடை எளிதாயிருக்கும். இங்கிலாந்து நீதிமன்றங்களில் இதனை எழச் செய்தவர்களோ பிள்ளைகள்மேல் அன்பு பூண்டவர்களே.

எசெக்ஸ் பகுதியிலே 1838-ஆம் ஆண்டளவில் 'பெக்கியூலியர் பீப்பிள்' என்னும் கிறித்தவக் குழுவொன்று தோன்றியது. நோய் வந்துழி மருந்தை நாடாது, சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி இறைவனை வேண்டுதல் அவர்தம் கொள்கை. அக்குழுவினரான வாக்ஸ்ராவ் தம்பதியரின் குழந்தை சுவாசப்பை அழற்சியால் இறந்தமையால், 1868-இல் அவர்கள்மேற் கைமோசக் கொலைவழக்குத் தொடரப்பட்டது. சிகிச்சை பற்றிய கருத்துக்கள் காலந்தோறும் இடந்தோறும் வேறுபடுவன என்பதை நீதிபதி வில்ஸ் யூரருக்கு எடுத்துரைத்தார். யூரர் அவர்களை விடுவித்தனர்.

அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் வறியோர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உணவு, உடை, உறையுள் என்பவற்றோடு வைத்திய உதவியையும் வேண்டுமென்றே அளியாது, அதன் உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளையவிடும் பெற்றோர் குற்றவாளிகளாயினர். எனவே, 1875-இல் அதே குழுவைச் சேர்ந்த டவுண்ஸ் என்பார் தம் நம்பிக்கையைக் காட்டித் தப்ப இயலவில்லை. சட்டம் இட்ட கடமையை அவர் மீறினார் என்பதே போதுமானதாயிற்று.

இவ்வரலாற்றில் ஆழ்ந்து நோக்கற்பாலது 1899-ஆம் ஆண்டுச் சீனியர் வழக்காகும். அக்காலை நடைமுறையிலிருந்த 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'வைத்திய உதவி' என்னும் சொற்கள் இல்லை. 'புறக்கணித்தல்' என்னும் சொல்லே இருந்தது. தந்தையோ ஏனை வகைகளில் எல்லாம் பிள்ளையை நன்கு பேணியவர். எனினும், பிரதம நீதியரசர் றசல் பிரபு அவரது குற்றத்தை உறுதிசெய்தார். மிக வறியோரும் வைத்திய உதவி பெறக்கூடிய காலத்தில், இறக்குந் தறுவாயிலுள்ள பிள்ளைக்கு அதனை அளியாமை புறக்கணிப்பே என்பது அவர் கருத்து. பெற்றோரின் கடன் அவர்தம் மனச்சான்றால் மட்டும் அளக்கப்படாது, சமுதாயம் அவர்க்கு எட்டச்செய்த வசதியாலும் அளக்கப்பட்டது இங்கேதான்.

1908-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் அச்சொற்களை மீண்டும் சேர்த்தது. வசதியற்ற பெற்றோர் பொது உதவியை நாடவேனும் வேண்டும் எனவும் விதித்தது. வறுமை குற்றமன்று, வறுமையைச் சாட்டி வாளாவிருத்தலே குற்றம். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்பிரிவு இவ்விரண்டையும் 16 வயதுக்குட்பட்டோர் குறித்து ஏற்றது. சத்திர சிகிச்சைக்கு இசையாமையும் சந்தர்ப்பத்துக்கேற்பப் புறக்கணிப்பாகலாம் என, மூக்கின் பின்புறத்தே தசை வளர்ந்த சிறுமியொருத்தியின் வழக்கில் முடிவாயிற்று.

இனி, பிள்ளையின் நோயை அறியும் ஆற்றலே அற்ற பெற்றோர் செய்வதென்ன? 1981-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற செப்பேட் வழக்கிலே பிரபுக்கள் சபை இதனை ஆராய்ந்தது. வைத்தியம் வேண்டும் என்பதை அறிந்தும் அழையாதவரும், வேண்டுமோ வேண்டாவோ என்பதைப் பொருட்படுத்தாதவருமே 'வேண்டுமென்றே' புறக்கணித்தவர். அறியாமையால் தவறியவர் அல்லர் என்பது தீர்ப்பு. ஐவருள் இருவர் இதற்கு உடன்பட்டிலர்.

பல்நோயின் நிலைமை சற்று வேறு. சொத்தைப் பல் ஒவ்வொன்றும் வழக்காகாது. பிள்ளையின் வாய்நலத் தேவைகளை இடையறாது கைவிட்டு, பெருங்கேடு விளையக்கூடிய நிலையை உண்டாக்குவதையே பிரித்தானியச் சிறுவர் பல்வைத்தியச் சங்கம் 2009-இல் பற்புறக்கணிப்பு என வரையறுத்தது. பாடசாலை மாணவர்க்கு வைத்தியப் பரிசோதனை 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே ஏற்பட்டதாகும். பரிசோதித்தவர் எழுதிய கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபின், இரவெல்லாம் பல்வலியால் அழும் பிள்ளையின் தந்தை, தாம் அறிந்திலேன் என்று செப்பேட் வழக்கின் நிழலில் ஒதுங்குதல் அரிது.