கற்பனைக் கோடும் 180 பாகை விதியும்

கல்லடியில் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஊடகக் கற்கைக்காக ஒரு சிறு காட்சி எடுப்பதாகக் கொள்வோம். தந்தை கரையோரமாகத் தோணியில் வருகிறார். சற்றுத் தள்ளி இறங்குதுறையில் மகள் நிற்கிறாள். இருவரையும் இணைக்கும் நேர்கோடே கற்பனைக் கோடு எனப்படும். கமரா அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே, அதாவது 180 பாகை அரைவட்டத்தினுள்ளேயே, நிற்க வேண்டும்.

கரையில் நின்று எடுத்த ஷொட்டில் தோணி இடமிருந்து வலமாக வருகிறது. மகளோ இடப்பக்கம் பார்க்கிறாள். அடுத்த ஷொட்டை வாவிப் பக்கமிருந்து எடுத்தால் தோணி வலமிருந்து இடமாகச் செல்லும். தந்தை வரவில்லை, திரும்பிப் போகிறார் என்றே பார்ப்பவர் எண்ணுவார். கதையே மாறிவிடுகிறது.

மாணவர் கோட்டைத் தாண்டுவதற்குப் பெரும்பாலும் வெளிச்சமே காரணம். மாலையில் சூரியன் வாவிப் பக்கம் இறங்குவதால், கரையிலிருந்து எடுக்கும் முகங்கள் இருண்டுவிடும். உடனே கமராவுடன் வேறொரு தோணியில் ஏறிவிடுவர்! காலையில் எடுத்தால் கடற்பக்க வெயில் கமராவுக்குப் பின்னால் இருக்கும். கரையை விட்டு நகரத் தேவையில்லை.

தாண்டியே ஆகவேண்டுமாயின், பக்கச்சார்பற்ற அண்மைக் காட்சி ஒன்றை இடையில் சேர்க்கலாம். தோணியினுள் கிடக்கும் மீன்கள் போதும். அல்லது பதிவை நிறுத்தாமலே கமராவை மறுபக்கம் நகர்த்தலாம். ஜப்பானிய இயக்குநர் ஓசு தம் படங்களில் இக்கோட்டைத் தாராளமாகத் தாண்டினார். எனினும் அது அவர் தெரிந்தே செய்தது.

விடையில் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதாது, தோணி, மகள், கோடு, கமரா நிற்கும் இடங்கள் ஆகியவற்றை மேலிருந்து பார்ப்பது போல வரைந்து பெயரிடுக.