ஐஸ் ஹாக்கி தேசத்தில் எழுந்த கூடைப்பந்து அலை: கனடாவின் நூற்றாண்டுக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது எப்படி?

கனடா என்றதும் விளையாட்டு ரசிகர்களின் நினைவுக்கு முதலில் வருவது ஐஸ் ஹாக்கிதான். ஆண்டின் பல மாதங்கள் உறைபனியில் கழியும் அந்நாட்டில், குழந்தைகள் நடை பழகியதும் சறுக்குக் காலணி அணிவது வழக்கம். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் அந்நாட்டின் விளையாட்டு வரைபடம் மாறியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பை கூடைப்பந்துப் போட்டியில், அமெரிக்காவை வீழ்த்தி கனடா ஆடவர் அணி வெண்கலப் பதக்கம் வென்றது. 2025-ஆம் ஆண்டில், உலகின் முதன்மையான கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வின் மிகச் சிறந்த வீரர் விருதை டொராண்டோவில் பிறந்த ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் பெற்றார்.

இந்த வெற்றிகள் திடீரென வந்தவை அல்ல. கூடைப்பந்தை உலகுக்கு அளித்தவரே ஒரு கனடியர்தான். அப்படியிருந்தும் அந்நாடு இந்த விளையாட்டில் தலைநிமிர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. அந்தக் காத்திருப்புக்கும் அது முடிவுக்கு வந்ததற்கும் என்ன காரணம்?

கண்டுபிடித்தவர் கனடியர்

ஒன்டாரியோ மாகாணத்தின் அல்மான்ட் என்ற சிற்றூரின் அருகே 1861-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரின் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றினார். குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் சலிப்படைந்திருந்த மாணவர்களுக்காக, உள்ளரங்கில் ஆடக்கூடிய புதிய விளையாட்டு ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில், பீச் பழங்கள் வைக்கும் இரண்டு கூடைகளை 10 அடி உயரத்தில் பொருத்தி, 13 விதிகளை எழுதி, அணிக்கு ஒன்பது பேர் வீதம் களமிறக்கினார் நெய்ஸ்மித். அவ்வாறு பிறந்ததே கூடைப்பந்து.

தொடக்க காலத்தில் கனடாவும் இந்த விளையாட்டில் பின்தங்கியிருக்கவில்லை. 1915-இல் தொடங்கி 1940-இல் கலைக்கப்பட்ட 'எட்மன்டன் கிராட்ஸ்' என்ற மகளிர் அணி, கால் நூற்றாண்டில் 500-க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்தது. ஆனால் அக்காலத்தில் மகளிர் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய போட்டியாகச் சேர்க்கப்படவில்லை. அதற்கான அங்கீகாரம் 1976-இல்தான் கிடைத்தது.

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, கனடா இறுதிப்போட்டி வரை முன்னேறியது. திறந்தவெளி மைதானத்தில் கொட்டும் மழையில் நடைபெற்ற அந்தப் போட்டியில் அமெரிக்காவிடம் 8-19 என்ற புள்ளிக்கணக்கில் தோற்று வெள்ளிப்பதக்கம் பெற்றது. ஒலிம்பிக் ஆடவர் கூடைப்பந்தில் கனடா வென்ற ஒரே பதக்கம் இன்றுவரை அதுவே.

தொடக்கமும் நீண்ட இடைவெளியும்

என்பிஏ தனது வரலாற்றின் முதல் போட்டியாகக் கருதும் ஆட்டம் அமெரிக்க மண்ணில் நடைபெறவில்லை. 1946-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் 'டொராண்டோ ஹஸ்கீஸ்' அணியும் 'நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ்' அணியும் மோதின. ஹஸ்கீஸ் அணியின் மிக உயரமான வீரரைவிட உயரமாக இருப்பவர்களுக்கு இலவச அனுமதி என்று அறிவித்துக் கூட்டம் சேர்க்க வேண்டிய நிலை அன்று இருந்தது. அந்த அரங்கு ஐஸ் ஹாக்கிக்குச் சொந்தமானது. மக்களின் மனமும் அப்படித்தான். ஒரே பருவத்துடன் ஹஸ்கீஸ் அணி கலைந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கனடாவில் என்பிஏ அணியே இல்லை. 1995-இல்தான் 'டொராண்டோ ராப்டர்ஸ்', 'வான்கூவர் கிரிஸ்லீஸ்' என்ற இரு அணிகளுக்கு இடம் கிடைத்தது. தொடர் தோல்விகள், கனடிய டாலரின் மதிப்புச் சரிவு, குறைந்துவந்த ரசிகர் கூட்டம் ஆகியவற்றால் தள்ளாடிய வான்கூவர் அணி, 2001-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. டொராண்டோ அணி மட்டுமே எஞ்சியது.

ஒரு வீரர், ஒரு தலைமுறை

டொராண்டோவில் கூடைப்பந்து வேரூன்றியதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுபவர் கனடியர் அல்லர். அமெரிக்கரான வின்ஸ் கார்ட்டர். 1998-இல் ராப்டர்ஸ் அணியில் இணைந்த அவர், 2000-ஆம் ஆண்டு நடைபெற்ற 'ஸ்லாம் டங்க்' போட்டியில் காட்டிய சாகசங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. காற்றில் எழும்பி வளையத்துக்குள் பந்தை அடித்திறக்கும் அவரது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்ட சிறுவர்கள், ஹாக்கி மட்டையை விட்டுப் பந்தைக் கையில் எடுத்தனர்.

அதே காலத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விக்டோரியா நகரில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ், கனடியராலும் இந்த விளையாட்டின் உச்சத்தைத் தொட முடியும் என்பதை நிறுவினார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கனடாவை வழிநடத்திய அவர், 2005, 2006 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்பிஏ-வின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார்.

இதன் பலன் சுமார் பத்தாண்டுகள் கழித்து வெளிப்பட்டது. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் என்பிஏ 'டிராஃப்ட்' நிகழ்வில், 2011-இல் டிரிஸ்டன் தாம்சன் நான்காவதாகத் தேர்வானார். 2013-இல் ஆந்தனி பென்னட், 2014-இல் ஆண்ட்ரூ விக்கின்ஸ் என அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு கனடியர்கள் முதலிடத்தில் தேர்வு செய்யப்பட்டனர். கார்ட்டர் டொராண்டோவுக்காக ஆடிய காலத்தில் இவர்கள் அனைவரும் சிறுவர்கள்.

குடியேறியவர்களின் விளையாட்டு

தொலைக்காட்சியில் தோன்றிய ஒரு நட்சத்திரத்தால் மட்டுமே ஒரு நாட்டின் விளையாட்டுப் பழக்கம் மாறிவிடாது. அக்காலத்தில் கனடாவின் மக்கள்தொகை அமைப்பும் மாறிக்கொண்டிருந்தது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு மக்களில் 23 சதவீதத்தினர் வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள். டொராண்டோ பெருநகரப் பகுதியில் இந்த விகிதம் ஏறத்தாழ பாதியை எட்டுகிறது.

ஐஸ் ஹாக்கி செலவு மிகுந்த விளையாட்டு. சறுக்குக் காலணி, கவசங்கள், மட்டை, பனி அரங்குக்கான வாடகை, பயணச் செலவு எனப் பெற்றோர் ஆண்டுதோறும் பெருந்தொகை செலவிட வேண்டும். புதிதாக வந்து வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பங்களுக்கு அது எளிதல்ல. அவர்களில் பலர் அதற்கு முன் பனியையே கண்டிராதவர்கள். கூடைப்பந்துக்கோ ஒரு பந்தும், பள்ளி வளாகத்திலோ பூங்காவிலோ ஒரு வளையமும் போதும்.

இன்றைய கனடா நட்சத்திரங்களின் குடும்பப் பின்னணி இதை உறுதிப்படுத்துகிறது. கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரின் தாய், ஆன்டிகுவா-பர்புடா நாட்டுக்காக 1992 ஒலிம்பிக்கில் ஓடிய தடகள வீராங்கனை. ஜமால் மரேயின் தந்தை ஜமைக்காவிலிருந்து வந்தவர். மான்ட்ரியலைச் சேர்ந்த லூ டோர்ட், பெனடிக்ட் மாத்துரின் ஆகியோர் ஹைட்டி வம்சாவளியினர்.

இந்த வரிசையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. டொராண்டோவில் பஞ்சாபிக் குடும்பத்தில் பிறந்த 7 அடி 5 அங்குல உயரமுள்ள சிம் புல்லர், 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காகக் களமிறங்கி, என்பிஏ-வில் விளையாடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெருமையைப் பெற்றார். 1984-இல் இந்தியாவிலிருந்து கனடாவில் குடியேறிய நவ் பாட்டியா, ராப்டர்ஸ் அணியின் 'சூப்பர் ரசிகர்' என்று அறியப்படுகிறார். நெய்ஸ்மித்தின் பெயரில் அமைந்த கூடைப்பந்துப் புகழ் அரங்கில், 2021-இல் ரசிகர் ஒருவருக்கு முதன்முறையாக அளிக்கப்பட்ட கௌரவம் அவருக்கே கிடைத்தது.

திறமை இருந்தும் கைநழுவிய வாய்ப்புகள்

என்பிஏ-வில் கனடியர்களின் எண்ணிக்கை உயர்ந்தபோதும் தேசிய அணி தடுமாறியது. 2015-இல் மெக்சிகோ சிட்டியில் நடைபெற்ற அமெரிக்கக் கண்டத் தகுதிப் போட்டியின் அரையிறுதியில், என்பிஏ வீரர்கள் நிறைந்த கனடா அணி 78-79 என ஒரே புள்ளி வித்தியாசத்தில் வெனிசுலாவிடம் தோற்று, ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. 2021-இல் சொந்த மண்ணான விக்டோரியாவில் செக் குடியரசிடம் கூடுதல் நேரத்தில் 101-103 எனத் தோற்றதால், டோக்கியோ ஒலிம்பிக் கனவும் கலைந்தது.

இவ்விரு தோல்விகளும் ஓர் உண்மையைப் புலப்படுத்தின. தனித்தனியே சிறந்த வீரர்கள் இருப்பது வேறு. அவர்கள் ஓர் அணியாகப் பழகியிருப்பது வேறு. கோடை விடுமுறையில் காயம், ஒப்பந்தச் சிக்கல், ஓய்வு போன்ற காரணங்களால் என்பிஏ வீரர்கள் தேசிய அணிக்கு வராமல் இருப்பது வாடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய அணியைச் சேர்த்துச் சில நாள் பயிற்சியுடன் களமிறக்க வேண்டியிருந்தது.

ஆகவே, 'கனடா பாஸ்கெட்பால்' அமைப்பு 2022-இல் புதிய நடைமுறையைக் கொண்டுவந்தது. பாரிஸ் ஒலிம்பிக் வரையிலான மூன்று கோடைக்காலங்களிலும் தேசிய அணிக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று வீரர்களிடம் உறுதிமொழி பெறப்பட்டது. இதை முன்னெடுத்த பொது மேலாளர் ரோவன் பேரட், சிட்னி ஒலிம்பிக்கில் நாஷுடன் ஆடியவர். இன்றைய அணியின் ஆர்.ஜே. பேரட்டின் தந்தை.

மற்றொரு தடையும் இருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் பல ஆட்டங்கள் என்பிஏ பருவம் நடைபெறும் மாதங்களில் வருவதால், நட்சத்திர வீரர்களால் அவற்றில் பங்கேற்க இயலாது. ஐரோப்பிய அணிகளிலும், 2019-இல் தொடங்கப்பட்ட கனடாவின் உள்நாட்டுத் தொடரான சிஇபிஎல்-இலும் ஆடும் வீரர்களே அந்தச் சுமையைத் தாங்கினர். 2023 உலகக் கோப்பைக்கான 12 தகுதி ஆட்டங்களில் கனடா 11-இல் வென்றது. பதக்க மேடையில் நின்றவர்களுக்கான பாதையை அமைத்ததில், வெளியுலகம் அதிகம் அறியாத இந்த வீரர்களின் பங்கு பெரிது.

பலன் தந்த உறுதிமொழி

உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் பிரான்ஸை 95-65 என வீழ்த்திய கனடா, நடப்பு சாம்பியனான ஸ்பெயினை 88-85 என வென்று, 2000-ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக ஆடவர் பிரிவில் ஒலிம்பிக் தகுதி பெற்றது. செப்டம்பர் 10-ஆம் தேதி மணிலாவில் நடைபெற்ற மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் 127-118 என அமெரிக்காவை வென்றது. டில்லன் புரூக்ஸ் 39 புள்ளிகள் குவித்தார். உலகக் கோப்பையில் கனடா ஆடவர் அணி பெற்ற முதல் பதக்கம் அது.

என்பிஏ-விலும் காட்சி மாறியது. 2019-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை வென்று ராப்டர்ஸ் சாம்பியன் பட்டம் பெற்றபோது, அமெரிக்காவுக்கு வெளியே அப்பட்டத்தை வென்ற முதல் அணியாயிற்று. ஆனால் இறுதிப்போட்டியில் அந்த அணியின் முக்கிய வீரர்களில் கனடியர் எவரும் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 இறுதிப்போட்டியில் கனடிய அணி இல்லை; ஆனால் கனடிய வீரர்கள் இருபுறமும் நின்றனர். ஓக்லஹோமா சிட்டி அணியில் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரும் டோர்ட்டும், இண்டியானா அணியில் மாத்துரினும் ஆண்ட்ரூ நெம்ப்ஹார்டும் ஆடினர்.

ஓக்லஹோமா வென்ற அந்தப் பருவத்தில், அதிகப் புள்ளிகள் குவித்தவர், மிகச் சிறந்த வீரர், இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் ஆகிய மூன்று பெருமைகளும் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டருக்கே கிடைத்தன. அவருக்கு முன் ஒரே பருவத்தில் இம்மூன்றையும் பெற்றவர்கள் கரீம் அப்துல்-ஜபார், மைக்கேல் ஜோர்டான், ஷகீல் ஓ'நீல் ஆகிய மூவர் மட்டுமே.

எஞ்சியிருக்கும் சோதனைகள்

இத்தனைக்குப் பிறகும் ஒலிம்பிக் பதக்கம் எட்டாக்கனியாகவே உள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று லீக் ஆட்டங்களையும் வென்ற கனடா, காலிறுதியில் பிரான்ஸிடம் 73-82 எனத் தோற்று வெளியேறியது. ஓராண்டுக்கு முன் 30 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்ற அதே எதிரணியிடம் பெற்ற தோல்வி அது.

வீரர்களை உருவாக்கும் முறையிலும் கேள்விகள் உள்ளன. திறமைமிக்க கனடியச் சிறுவர்கள் பலர், பள்ளிப் பருவத்திலோ கல்லூரிப் பருவத்திலோ அமெரிக்காவுக்குச் செல்வது இன்றும் தொடர்கிறது. ஒன்டாரியோவின் சிறப்புப் பயிற்சிப் பள்ளிகள் இதை ஓரளவு மாற்றியுள்ளன. ஜமால் மரே அத்தகைய பள்ளி ஒன்றிலிருந்து உருவானவர். ஆனால் தனியார் பயிற்சி, பயணப் போட்டிகள் ஆகியவற்றின் செலவு கூடக்கூட, எளிய குடும்பங்களுக்கு எட்டும் விளையாட்டு என்ற கூடைப்பந்தின் அடிப்படை வலிமையே தளர்ந்துவிடக்கூடும்.

மகளிர் பிரிவில் புதிய வாயில் திறந்துள்ளது. அமெரிக்க மகளிர் தொடரான டபிள்யூஎன்பிஏ-வில், அமெரிக்காவுக்கு வெளியே அமையும் முதல் அணியாக 'டொராண்டோ டெம்போ' 2024-இல் அறிவிக்கப்பட்டது. அதன் முதல் பருவமாக 2026 குறிக்கப்பட்டது. 2012 முதல் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தகுதி பெற்றிருந்தும், கனடா வீராங்கனைகளுக்குச் சொந்த நாட்டில் அந்தத் தரத்திலான களம் அதுவரை இருந்ததில்லை. கார்ட்டரைக் கண்டு சிறுவர்கள் பந்தை எடுத்ததுபோல, இனி சிறுமிகளும் தங்கள் நகரத்தின் அரங்கிலேயே முன்மாதிரிகளைக் காண்பர்.

மக்கள்தொகையில் பெரிய நாடுகள் பலவும் பதக்கமின்றித் திரும்பும் விளையாட்டு இது. சுமார் நான்கு கோடி மக்களைக் கொண்ட கனடா அதில் முன்வரிசைக்கு வந்ததற்குப் பின்னால், சொந்த நகரத்தில் ஓர் அணி, செலவின்றி ஆடக்கூடிய பொது வளையங்கள், தோல்விக்குப் பின் வீரர்களை ஒன்றுசேர்த்த நிர்வாகம் ஆகிய மூன்றும் உள்ளன. இவற்றில் முதலிரண்டு மட்டும் இருந்த காலத்தில் நட்சத்திரங்கள் கிடைத்தார்கள். மூன்றாவதும் சேர்ந்த பிறகே பதக்கம் கிடைத்தது.